மலையிலிருந்து இறங்கிய மரங்கள்

2019 ஜனவரியில் ஜப்பானின் சைதாமா மாகாணத்தில் ஒரு போன்சாய் தோட்டத்தில் திருட்டு நடந்தது. ஏழு தொட்டி மரங்கள் போய்விட்டன. அவற்றில் ஒன்று ஷிம்பாக்கு என்ற ஜூனிபர் வகை. வயது 400. விலை ஒரு கோடி யென்னுக்கும் மேல். தோட்டக்காரரின் மனைவி சமூக வலைத்தளத்தில் திருடர்களுக்கு ஒரு வேண்டுகோள் வைத்தார். அந்த மரங்கள் எங்கள் பிள்ளைகள் மாதிரி, எடுத்துப் போனவர்கள் யாராக இருந்தாலும் தயவுசெய்து தண்ணீர் ஊற்றுங்கள் என்று கேட்டுக்கொண்டார். எப்படி ஊற்ற வேண்டும் என்பதையும் விளக்கினார்.

செய்தியைப் படித்தபோது விலையை விட அந்த 400 என்ற எண்தான் என்னைப் பிடித்து உட்கார வைத்தது. மதுரையில் திருமலை நாயக்கர் மகால் கட்டப்பட்டது 1636-இல். அதன் தூண்கள் எழும் முன்பே முளைத்துவிட்ட ஒரு செடி, ஒரு ஆள் தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய அளவில் இன்றும் பச்சையாக நிற்கிறது. இத்தனை தலைமுறை கைமாறிய உயிருக்கு ஒரே வாரம் தண்ணீர் இல்லாவிட்டால் கதை முடிந்தது. அந்த அம்மாள் ஏன் திருடனிடம் கெஞ்சினார் என்பது அப்போது புரிந்தது.

பழைய ஷிம்பாக்கு மரங்களைத் தோட்டத்தில் யாரும் விதை போட்டு வளர்த்துவிடவில்லை. அவை மலையிலிருந்து இறங்கியவை. ஜப்பானியர் இதற்கு வைத்திருக்கும் பெயர் யமடோரி. யமா என்றால் மலை. மலையிலிருந்து எடுத்தது என்று பொருள். போன்சாய் உலகில் இந்தச் சொல்லுக்குத் தனி மரியாதை உண்டு. கண்காட்சியில் ஒரு மரத்தின் முன் நின்று 'இது யமடோரி' என்று ஒருவர் சொன்னால், பக்கத்தில் இருப்பவர்களின் குரல் தானாகத் தாழ்ந்துவிடும்.

காற்றும் பனியும் செய்த வேலை

மலை உச்சியில் ஒரு பாறை இடுக்கை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு கைப்பிடி மண்கூட இருக்காது. அங்கே ஒரு விதை விழுகிறது. ஆண்டில் சில மாதங்கள்தான் வளர முடியும். மற்ற நாளெல்லாம் பனி மேலே கிடந்து அழுத்தும். காற்று ஒரே பக்கமாக அடித்து மொட்டுகளைக் கருக்கும். பாறை உருண்டு வந்து ஒரு கிளையை முறிக்கும். இத்தனைக்கும் அது சாவதில்லை. ஆண்டுக்கு ஒரு நூல் அளவு பருக்கிறது. முழங்கை உயரத்துக்கு வர நூறு ஆண்டு, இருநூறு ஆண்டு ஆகிறது. மனிதன் கத்தரியோடு வந்து சேரும் முன்பே மலை அதைக் குறுக்கி முடித்துவிட்டது.

ஜூனிபருக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. அதில் ஒரு வேர் ஒரு கிளைக்கு என்று ஏறக்குறைய நேர்கோட்டில் உணவு போகிறது. ஒரு பக்க வேர் செத்தால் அந்தப் பக்கத்துப் பட்டையும் கிளையும் மட்டும் சாகும். மறுபக்கம் தன்பாட்டுக்கு வாழும். செத்த பக்கத்துப் பட்டை உரிந்து, உள்ளே வைரம் பாய்ந்த கட்டை வெளியே தெரியும். பிசின் ஏறிய கட்டை என்பதால் எளிதில் மக்காது. வெயிலும் பனியும் பட்டுப்பட்டு எலும்பு போல வெளுத்துவிடும். அந்த வெள்ளைக் கட்டையைச் சுற்றிக்கொண்டு விரல் தடிமனில் ஒரு சிவந்த பட்டை மட்டும் பாம்பு போல மேலேறி, உச்சியில் ஒரு குடை பச்சையைத் தாங்கி நிற்கும். மரத்தின் மொத்த உயிரும் அந்த ஒற்றை நரம்பில்தான் ஓடுகிறது. செத்துக் கட்டையாகி நிற்கும் கிளையை ஜின் என்கிறார்கள். தண்டில் பட்டை உரிந்த வெள்ளைப் பகுதியை ஷாரி என்கிறார்கள். சாவும் வாழ்வும் ஒரே உடம்பில் அடுத்தடுத்து ஒட்டிக்கொண்டு நிற்பதை வேறு எந்தத் தாவரத்திலும் நான் இவ்வளவு பச்சையாகப் பார்த்ததில்லை.

இந்த வடிவத்தைத் தோட்டத்தில் உண்டாக்க முடியாதா? உளி கொண்டு செதுக்கலாம், கம்பி சுற்றி முறுக்கலாம். செய்கிறார்கள். கைதேர்ந்தவர் செய்தால் அழகாகவும் வரும். ஆனால் நூறு ஆண்டுக் காற்றின் வேலைக்கும் ஒரு பிற்பகல் உளி வேலைக்கும் உள்ள வித்தியாசம், பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தெரிந்துவிடும். யமடோரிக்கு இத்தனை விலை இருப்பதற்கும், மலைகளுக்கு ஆபத்து வந்ததற்கும் காரணம் இதுதான்.

கயிற்றில் தொங்கியவர்கள்

நீகாட்டா மாகாணத்தில் இதோய்கவா என்று ஒரு ஊர். பச்சைக்கல்லுக்குப் பேர் போனது. அதன் பின்னால் மியோஜோ என்ற சுண்ணாம்புப் பாறை மலை செங்குத்தாக எழுகிறது. ஷிகோக்கு தீவின் இஷிசூச்சி மலைப் பக்கமெல்லாம் ஷிம்பாக்கு தேடித் திரிந்தவர்கள், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பாறைச் சுவர்களையும் கண்டுகொண்டார்கள். மெல்லிய இலை, அடர்ந்த பச்சை, முறுக்கேறிய தண்டு. இதோய்கவா ஷிம்பாக்கு என்ற பெயர் பரவியதும் மரம் எடுப்பதே ஒரு தொழிலாகிவிட்டது.

உச்சியில் கயிற்றைக் கட்டி, இடுப்பில் முடிந்துகொண்டு, பாறை முகத்தில் இறங்குவார்கள். கையில் சிறு ரம்பமும் உளியும். இடுக்கில் இருக்கும் வேரைப் பாறையோடு சேர்த்துப் பெயர்த்து எடுக்க வேண்டும். கீழே பள்ளத்தாக்கு. நம் கொல்லிமலையிலும் நீலகிரியிலும் கயிற்றில் தொங்கி மலைத்தேன் எடுப்பவர்களை நினைத்துக்கொண்டால் காட்சி பிடிபடும். தவறி விழுந்து உயிர் விட்டவர்களும் உண்டு. ஆனால் தேனடை அடுத்த ஆண்டு மறுபடியும் கட்டும். 300 ஆண்டு மரம் எடுத்த இடத்தில் மறுபடி 300 ஆண்டு ஆனால்தான் இன்னொரு மரம். சில பத்தாண்டுகளிலேயே கைக்கு எட்டிய இடமெல்லாம் காலி. பிறகு கயிற்றுக்கு எட்டிய இடமும் காலி.

அந்த மனிதர்களைப் பேராசைக்காரர்கள் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஏழை மலைக்கிராமத்து ஆட்கள் அவர்கள். ஒரு மரம் ஒரு குளிர்காலத்து அரிசி. அவர்கள் அன்று இறக்கிய மரங்களில் பல இன்றும் உயிரோடு இருக்கின்றன என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். உயிரோடு இல்லாதவற்றின் கணக்கை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை.

ஒமியா என்ற போன்சாய் கிராமத்தின் கதையும் இதோடு சேர்ந்தது. 1923-இல் டோக்கியோவைத் தரைமட்டமாக்கிய பெரும் நிலநடுக்கத்துக்குப் பிறகு, அங்கிருந்த போன்சாய்காரர்கள் நல்ல மண்ணும் தண்ணீரும் தேடி 1925-இல் ஒமியாவில் குடியேறினார்கள். அப்படி வந்த கட்டோ குடும்பத்துத் தந்தையும் மகனும் வடக்கே குனாஷிரி தீவுவரை போய், எசோ ஸ்ப்ரூஸ் என்ற குளிர்நாட்டு மரத்தைக் கொண்டுவந்து பழக்கினார்கள். மகன் சபுரோ கட்டோ அந்த மரங்களைக் கூட்டமாக நட்டு, ஒரு தட்டில் ஒரு காட்டையே காட்டினார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் குனாஷிரி சோவியத் ஒன்றியத்தின் கைக்குப் போனது. போய் எடுக்கும் வழியும் அடைபட்டது. ஒரு மரம் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் நாடுகளின் எல்லைக்கோட்டிலும் இருக்கிறது. ஒமியாவில் இப்போது, 2010 முதல், போன்சாய்க்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது.

வேரைச் சுற்றி வருதல்

மரத்தைத் தோண்டுவது ஒரு நாள் வேலை. தோண்டியதைப் பிழைக்க வைப்பது பல ஆண்டு வேலை. புதிதாக வருபவர்கள் சறுக்குவது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

பெரிய மரம் என்றால் பழைய தோட்டக்காரர்கள் உடனே பிடுங்க மாட்டார்கள். எடுப்பதற்கு ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு முன்பே மரத்தைச் சுற்றிப் பள்ளம் வெட்டி, தடித்த வேர்களில் சிலவற்றை மட்டும் அறுத்து, மண்ணை மூடிவிட்டு வந்துவிடுவார்கள். வெட்டிய இடத்தில், தண்டுக்குப் பக்கத்திலேயே, புதுச் சல்லிவேர் விடும். பிறகு மறுபக்கம் வெட்டுவார்கள். மரத்துக்கே தெரியாமல் அதைப் பயணத்துக்குத் தயார் செய்கிற இந்த வேலைக்குப் பெயர் நெமவாஷி. வேரைச் சுற்றி வருதல் என்று சொல்லலாம். இன்று ஜப்பானிய அலுவலகங்களில் இந்தச் சொல்லுக்கு வேறு பொருள்: ஒரு முடிவைக் கூட்டத்தில் வைக்கும் முன் ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்த்துப் பேசிப் பக்குவப்படுத்துவது. தோட்டக்காரனின் சொல் அமைச்சரவைவரை போயிருக்கிறது.

எடுக்கும் நேரம், மொட்டு அசையும் முன்பான முன்வசந்தம். ஆணிவேரை விட்டுவிடலாம், சல்லிவேர் போனால் மரம் போயிற்று. வேரோடு ஒட்டிய பழைய மண்ணில் கொஞ்சத்தை உதறாமல் வைத்துக்கொள்வார்கள். அந்த மண்ணில் வேரோடு கூட்டுக்குடித்தனம் நடத்தும் நுண்ணிய பூஞ்சை இருக்கிறது. ஊசியிலை மரங்களுக்கு அது இல்லாமல் சாப்பாடு இறங்காது. ஈரப்பாசியில் பொதிந்து, சாக்கில் கட்டி, மலையிறக்கி, அழகான தொட்டியில் வைக்காமல் சாதாரண மரப்பெட்டியில் நடுவார்கள். பெட்டி நிறைய அகடமா என்ற மணிமணியான களிமண், எரிமலைக் கல். தண்ணீர் நிற்கக் கூடாது, ஈரம் போகவும் கூடாது. மரம் ஒரு துளி அசையாதபடி பெட்டியோடு சேர்த்துக் கம்பியால் கட்டிவிடுவார்கள். அசைந்தால் புதுவேர் அறுந்துபோகும்.

அதன்பின் இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு, கத்தரியும் கம்பியும் இல்லை. நிழல், தெளிப்பு நீர், காத்திருப்பு அவ்வளவுதான். ஜூனிபர் இதில் பொல்லாதது. வேர் செத்த பிறகும் பல மாதம் பச்சையாகவே நிற்கும். பிழைத்துவிட்டது என்று நம்பிக் கை வைத்தவர்கள் பிறகு அழுதிருக்கிறார்கள்.

காத்திருந்து, மரம் திமிர்த்துக் கொழுந்து விடத் தொடங்கிய பிறகு வருவதுதான் கலைஞனின் வேலை. இதில் மசாஹிகோ கிமுரா பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1940-இல் பிறந்தவர். 15 வயதில் ஒமியாவில் மோட்டோசுகே ஹமானோவிடம் சேர்ந்து 11 ஆண்டு பயின்றவர். செத்த கட்டையைச் செதுக்க மின்கருவிகளைக் கொண்டுவந்தார். உயிர்நரம்பைக் கட்டையிலிருந்து பிரித்து வேறு பக்கம் வளைத்தார். மரபுக்காரர்கள் முகம் சுளித்தார்கள்; பிறகு அவர்களின் பிள்ளைகளே அவரிடம் பாடம் கேட்க வந்தார்கள். அவரை மந்திரவாதி என்று அழைப்பார்கள். என் கருத்து: அவரது மந்திரத்தின் பாதி, அவர் கைக்கு வந்து சேர்ந்த யமடோரி மரங்களில் மலை முன்பே எழுதி வைத்தது. மீதிப் பாதியை எழுத அவர் ஒருவரால்தான் முடிந்தது என்பதும் உண்மை.

இன்று ஜப்பானின் மலைகளில் பல தேசியப் பூங்காக்களுக்குள் இருக்கின்றன; அவற்றின் காப்புப் பகுதிகளில் செடியில் கை வைப்பது குற்றம். இதோய்கவா வகையை இப்போது தோட்டங்களில் கிளைத்துண்டு நட்டு வளர்க்கிறார்கள். குச்சி தடிமனில் இருக்கும்போதே கம்பி சுற்றி முறுக்கினால், முப்பது நாற்பது ஆண்டில் நல்ல மரம். தகமட்சு நகரத்தின் கினாஷி, கொகுபுன்ஜி பகுதிகளில் நம் ஊர் கத்தரி வயல் போலப் பைன் வயல்கள் உண்டு. ஜப்பானின் பைன் போன்சாயில் 80 சதவீதம் அங்கிருந்துதான் வருகிறது. புகுஷிமாவில் ஒரு குடும்பம் அசுமா மலைப் பைனை விதையிலிருந்தே மூன்று தலைமுறையாக வளர்த்து வருகிறது. தாத்தா போட்ட விதைக்குப் பேரன் கம்பி கட்டுகிறான். கயிற்றில் தொங்கியவனின் வீரத்தை விட இந்தப் பொறுமையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

நம் சுவர்களில் ஒரு மலை

நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பனிமலை இல்லை, ஷிம்பாக்கு இல்லை. ஆனால் பாறை இடுக்கு நம்மிடமும் இருக்கிறது: சுவர்.

கோயில் கோபுரம், கிணற்றுச் சுவர், பாழடைந்த வீட்டின் கைப்பிடிச்சுவர், பாலத்தின் அடிப்பகுதி. எங்கே காக்கையும் குயிலும் உட்காருமோ அங்கே ஆலும் அரசும் இச்சியும் முளைக்கும். மண் இல்லை, உரம் இல்லை. சுண்ணாம்புக் காரையைக் கடித்துக்கொண்டு பத்து ஆண்டு, இருபது ஆண்டு ஒரு முழ உயரத்திலேயே நிற்கும். ஷிம்பாக்குக்கு மலை செய்ததை இவற்றுக்குச் சுவர் செய்கிறது. ஒரு வேறுபாடு: மலைமரத்தை எடுத்தால் மலைக்கு நட்டம். சுவர் மரத்தை எடுத்தால் சுவருக்கு லாபம். விட்டால் வேர் பருத்து கல்லைப் பிளக்கும் என்பதால் உழவாரப் பணிக்கு வருபவர்கள் அதை எப்படியும் வெட்டிப் போடுகிறார்கள். வேரில் அமிலம் ஊற்றுபவர்களும் உண்டு. சாகப்போகிற மரத்தைத்தான் நாம் கேட்டு வாங்குகிறோம்.

காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், முப்பது ஆண்டாகப் போன்சாய் வளர்ப்பவர், என்னையும் கூட்டிப்போனார். ஆடி மாதம், முதல் நாள் மழை பெய்திருந்தது. மாடிக் கைப்பிடிச்சுவரில் ஒரு இச்சி. மணிக்கட்டு தடிமன், அடிமரம் யானைப்பாதம் போல விரிந்திருந்தது.

"இது கையோட வராது சார். சுவத்தப் பேத்துத்தான் எடுக்கணும்" என்றார் கொத்தனார்.

"பேத்துருங்க தம்பி. நேரம் ஆனாலும் பரவாயில்ல. வேர் அறுகாம வரணும்."

கடப்பாரையை நெம்பி ஒவ்வொரு செங்கல்லாக எடுத்தார்கள். உள்ளே நான் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. இரண்டு செங்கல்லுக்கு நடுவே புகுந்த வேர் நாடாவைப் போலத் தட்டையாகி, செங்கல்லின் மூலையில் செங்கோணமாக மடிந்து, மறுவரிசையில் இறங்கியிருந்தது. வேரின் தோலில் செங்கல்லின் சொரசொரப்பு அச்சாகப் பதிந்திருந்தது. வெட்டிய இடத்தில் பால் வடிந்தது. வாத்தியார் ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, மஞ்சள் குழைத்துப் பூசி, ஈரச்சாக்கில் சுற்றினார். குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டுகிற மாதிரி இருந்தது.

வீட்டில் அடியில் துளையிட்ட பழைய பிளாஸ்டிக் தொட்டி, பட்டாணி அளவுக்கு உடைத்துச் சலித்த செங்கல், கொஞ்சம் மக்கிய இலை உரம். இலைகளையெல்லாம் கிள்ளிவிட்டு, மேலே பாலிதீன் பையைக் கவிழ்த்து மாமர நிழலில் வைத்தார். நான்காவது வாரம் அடிமரத்தில் சிவப்பாக ஒரு முனை தெரிந்தது. "இப்பதான் மூச்சு விடுது. ரெண்டு வருஷம் இதுகிட்ட நாம எதுவும் கேக்கக் கூடாது" என்றார்.

அந்தப் பேச்சை நான் முன்பே கேட்டிருந்தால் ஒரு அரசமரம் பிழைத்திருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிணற்றுச் சுவரிலிருந்து எடுத்து வந்தேன். துளிர்த்ததும் ஆசை தாங்கவில்லை. ஆறாம் மாதமே சின்னத் தட்டுத்தொட்டிக்கு மாற்றி, வேரைக் கத்தரித்து, கம்பியும் சுற்றினேன். சித்திரை வெயிலில் இலை ஒவ்வொன்றாகத் தொங்கியது. அந்தக் கட்டையை இன்னும் தூக்கிப்போடவில்லை. புதிதாக எதையும் எடுக்கும் முன் அதைப் பார்த்துக்கொள்கிறேன்.

போன்சாய் மரத்தைச் சித்திரவதை செய்வதுதானே என்று கேட்பவர்கள் நம் ஊரில் அதிகம். வீட்டில் வைத்தால் வளர்ச்சி குன்றும் என்று வாஸ்து சொல்வோரும் உண்டு. வாஸ்துவுக்கு என்னிடம் பதில் இல்லை. சித்திரவதைக் கேள்விக்கு உண்டு. பட்டினி போட்ட மரம் போன்சாய் ஆகாது, செத்துப்போகும். வேளாவேளைக்குத் தண்ணீரும் உரமும், இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுமண்ணும் பெற்ற மரம்தான் தலைமுறை தாண்டி நிற்கிறது. வாஷிங்டனில் உள்ள அமெரிக்கத் தேசிய மரப்பூங்காவில் 1625-இலிருந்து தொட்டியில் வாழும் ஒரு வெண்பைன் இருக்கிறது. 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த இடத்திலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டரில், யமாகி குடும்பத்தின் தோட்டச் சுவருக்குப் பின்னால் இருந்து பிழைத்தது. 1976-இல் அமெரிக்காவுக்கே அதைப் பரிசாகக் கொடுத்தார்கள். அதன் வரலாறு 2001-இல் அந்தக் குடும்பத்தின் பேரப்பிள்ளைகள் பார்க்க வந்தபோதுதான் அங்கே தெரியவந்தது. வதைபட்ட மரம் இப்படி வாழாது.

உண்மையான குற்றம் வேறு இடத்தில் நடக்கிறது. தென்கிழக்காசியக் கடற்கரைப் பாறைகளில் பெம்பிஸ் என்ற குறுமரம் வளர்கிறது. இந்தோனேசியாவில் சந்திகி என்பார்கள், பிலிப்பைன்ஸில் பன்திகே. போன்சாய் சந்தைக்காக அதை வேரோடு பிடுங்கிப் பிடுங்கி, பிலிப்பைன்ஸில் அது அழிவின் பட்டியலுக்கே போய்விட்டது. அதே செடி நம் மன்னார் வளைகுடாத் தீவுகளிலும் உண்டு. அந்த 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கிருந்து ஒரு செடியை எடுப்பதும் சட்டப்படி குற்றம். ஏற்காட்டிலும் கொடைக்கானலிலும் சுற்றுலா போன இடத்தில் காரின் பின்பக்கம் கன்றுகளைப் போட்டுவருவதை விளையாட்டாகச் சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். காட்டுக்கு அது விளையாட்டு அல்ல. வீடு வந்து சேர்ந்த கன்றுகளில் பெரும்பாலானவை மாதம் தாண்டுவதும் இல்லை.

ஆசை இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். மலைக்குப் போகாதீர்கள். உங்கள் தெருவில் இடிபடும் வீட்டின் சொந்தக்காரரைப் பாருங்கள். கோயில் என்றால் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். கொத்தனாருக்கு அரைநாள் கூலி கொடுத்து, மழை நாளாகப் பார்த்து, செங்கல்லை நெம்பி எடுக்கச் சொல்லுங்கள். ஈரச்சாக்கு கையில் இருக்கட்டும். வீட்டுக்குக் கொண்டுவந்து நட்ட பிறகு, இரண்டு வருடம் கத்தரியைப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். உங்களுக்குப் பின் அதற்குத் தண்ணீர் ஊற்றப் போவது யார் என்பதை மட்டும் அதற்குள் வீட்டில் பேசி வையுங்கள்.